அர்த்தநாரிக்கு வைத்த இலை

வேண்டாங்க தம்பி, நீங்க சாப்பிடுங்க. வடை வாசனை நல்லாத்தான் இருக்கு. ஆனா இன்னைக்கு ஆடி அமாவாசை, நான் விரதம். காக்கா கொத்தினப்புறம்தான் வாயில எதையும் வைக்கிறது.

அப்பாவுக்கா, அம்மாவுக்கான்னு கேக்கறீங்களா? அவங்க ரெண்டு பேருக்கும் எங்க அண்ணன் பார்த்துக்கறான். இது எனக்குங்க. எனக்கேதான்.

சிரிக்காதீங்க. நிஜமாத்தான் சொல்றேன். பஸ் எப்படியும் இந்தப் பாலத்தைத் தாண்டாது போலிருக்கு. கீழே பாருங்க, காவேரியில எவ்வளவு சனம். அத்தனை பேரும் செத்தவங்களுக்குத் தண்ணி விட வந்தவங்க. நடுவுல ஒருத்தன் எனக்கும் விட்டாலும் விடுவான், யார் கண்டா.

என் பேரு அர்த்தநாரி. திருச்செங்கோட்டுல தெருவுக்கு நாலு அர்த்தநாரி இருப்போம், மலைமேல இருக்கிற சாமி பேரு. இப்ப ஈரோட்டுல ஒரு ஜவுளிக் கிடங்குக்கு வாட்ச்மேன். முன்னே ரிக்கு வண்டியில இருந்தேன். தெரியுமில்லைங்களா, பூமியைத் துளைச்சு ஆழ்குழாய்க் கிணறு போடற வண்டி. எங்க ஊர் வண்டி போகாத இடம் வடக்கே கிடையாது. ஐப்பசி, கார்த்திகையில கிளம்பினா அங்க மழை இறங்கற வரைக்கும் வேலை. மழை வந்துட்டா வண்டி சேத்துல இறங்காது. அப்ப எல்லா வண்டியும் ஊர் திரும்பிடும். பெயிண்ட் அடிக்கணும், கம்ப்ரசரைப் பிரிச்சு மாட்டணும், ஆளுங்க வீட்டுச் சாப்பாடு சாப்பிடணும். வண்டிங்க வரிசையா ஊருக்குள்ள நுழையறப்பப் பார்க்கணும் நீங்க. குழந்தைங்க அத்தனையும் ரோட்டுக்கு ஓடி வந்துடும். எங்கப்பா வண்டி, எங்கப்பா வண்டின்னு ஒரே கூச்சல்.

நானும் அப்படி வருஷா வருஷம் வந்து இறங்கினவன்தான். ஒரு வருஷம் வரலை. அவ்வளவுதாங்க நடந்தது. விட்டுட்டுப் போனவன், ஓடிப்போனவன்னு பேசறவங்க பேசுவாங்க. நான் போறப்ப எல்லாரையும் போலச் சொல்லிக்கிட்டுத்தான் போனேன். வண்டி முன்னாடி தேங்காய் உடைச்சு, எலுமிச்சம்பழம் நசுக்கி, முறையாத்தான் போனேன். திரும்பி வரலை. ரெண்டுக்கும் வித்தியாசம் இருக்குங்களா இல்லையா?

ராய்ப்பூருக்கு அந்தப் பக்கம் ஒரு ஊர்ல எனக்குச் சாப்பாடு ஒத்துப்போச்சு. கடை போட்டிருந்த ஒரு அம்மா. அது வேற கதை, விடுங்க. அந்தம்மாவுக்கு ஏற்கெனவே ரெண்டு பசங்க. அவங்களுக்கு நான் ஒரு குறையும் வைக்கலை. சைக்கிள்ல முன்னே ஒருத்தன், பின்னே ஒருத்தன், பள்ளிக்கூடத்துல கொண்டுபோய் விடுவேன். நனையக்கூடாதுன்னு ஒரு தார்ப்பாய்த் துண்டு எப்பவும் சைக்கிள்ல இருக்கும். அவனுங்களைக் கேட்டுப் பாருங்க, சொல்லுவானுங்க.

இங்க எனக்கு ஒரே பொண்ணு. கோகிலவாணி. நான் கிளம்பறப்ப ரெண்டாங்கிளாஸ். மறந்துட்டேன்னு நினைச்சுக்காதீங்க. மழை வந்தா நினைச்சுக்குவேன். இந்நேரம் ரோட்டுல நின்னுக்கிட்டிருக்கும்னு நினைச்சுக்குவேன். நினைப்பு இருக்கிறவனைப் போய் ஓடிப்போனவன்னு எப்படிங்க சொல்றது?

அஞ்சு வருஷம் கழிச்சு ஒரு ஆடியில கிளம்பி வந்தேன். யாரும் கூப்பிடலை. அந்தம்மாகூட ஒரு சின்னச் சண்டை. சரி, நம்ம புள்ளையைப் பார்த்துட்டு வருவோம்னு ரயில் ஏறிட்டேன். அவளுக்குன்னு ஒரு பெட்டி பேடா வாங்கினேன். வழியில ரயில்ல ஒண்ணும் சரியாக் கிடைக்கலை. பசி. பாதிப் பெட்டி அதுலேயே போச்சு. மீதியை இப்படி அப்படி நகர்த்தி, பெட்டி நிறைஞ்ச மாதிரி அடுக்கி வச்சேன்.

பழைய வீட்டுல வேற யாரோ இருந்தாங்க. இந்த ஆளு யாருன்னு பக்கத்து வீட்டுக்காரி கதவிடுக்குல பார்த்தாளே ஒழிய, வாங்கன்னு சொல்லலை. அவங்க தறிப்பட்டறைப் பக்கம் குடி போயி ரொம்ப நாளாச்சுன்னு மட்டும் சொன்னா. எனக்கு ஒருமாதிரி ஆயிடுச்சு. செருப்பு வேற ஒரு கால் வார் அறுந்து, ஊக்கு மாட்டியிருந்தேன். அதோடயே நடந்தேன்.

லைன் வீடுங்க. வரிசையா ஏழெட்டு வாசல், எதிர்ல தறி ஓடற சத்தம். அன்னைக்கு அமாவாசைன்னு பாதித் தறி நிறுத்தியிருந்தாங்க. முதல் வாசல்ல ஒரு பெரியவர், தோள்ல துண்டு, பட்டறை மேஸ்திரியாம், குப்புராசுன்னு பேரு.

"ஆருங்க? ஆரைப் பாக்கோணும்?"

"சாந்தாமணி வீடு..."

"இதானுங்க. நீங்க ஆரு?"

சாந்தாமணிதாங்க என் சம்சாரம். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள உள்ளேயிருந்து ஒரு பொண்ணு சொம்போட வெளியே வந்தா. ஒல்லியா, உயரமா, ரெட்டைச் சடை. என்னைப் பார்த்தா. சொம்பு கொஞ்சம் சாய்ஞ்சு தண்ணி அவ கால்ல கொட்டினது. அவ்வளவுதான் தெரிஞ்சது. முகத்துல ஒண்ணும் தெரியலை.

"இவிங்க எங்கப்பாகூட ரிக்குல இருந்தவிங்க, தாத்தா. வாங்க மாமா, உள்ளே வாங்க."

மாமான்னா தம்பி. பெத்த அப்பனை.

குப்புராசு என் கையைப் பிடிச்சுக்கிட்டார். "நல்ல நாள் பாத்து வந்தீங்க. அர்த்தநாரிக்குப் படையல் போடறாங்க. கூட்டாளி வந்திருக்கீங்க, ஆத்மா குளிர்ந்து போயிரும்."

உள்ளே போனேன். செவுத்துல என் போட்டோ. மாலை போட்டு, கீழே விளக்கு. எங்க கல்யாண போட்டோவில என்னை மட்டும் வெட்டிப் பெருசாக்கியிருக்காங்க. தோள் ஓரத்துல சாந்தாமணியோட பட்டுப்புடவைக் கரை ஒரு விரக்கடை அப்படியே நின்னுபோச்சு. அந்தப் போட்டோவுல எனக்கு மீசை கருகருன்னு இருக்கும். இப்ப நரைச்சு, தாடி வளர்ந்து, வடக்கத்தி ஆளாட்டம் கழுத்துல மப்ளர். எதிர்ல நிக்கிற என்னை யாருக்கும் தெரியலை பாருங்க.

சாந்தாமணி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தா. நெத்தியில ஒண்ணுமில்லை. கழுத்துல ஒண்ணுமில்லை. என்னைப் பார்த்தா, திரும்பிப் போய் இன்னொரு இலையைக் கழுவினா.

எனக்குக் கோபம் வந்ததுங்க, மறைக்க மாட்டேன். ஒரு மனுஷன் உயிரோட இருக்கான். ஒரு தகவல் சொல்ல வேண்டாமா? கால் கழுவற சாக்குல பின்வாசலுக்குப் போனேன். அவ தண்ணி மொண்டு குடுக்க வந்தா.

"என்ன சாந்தா இது, கேவலம்?"

"சத்தம் போடாதீங்க." அவ என் மூஞ்சியைப் பார்க்கலை, தண்ணியைத்தான் பார்த்துக்கிட்டிருந்தா. "பழைய தெருவுல புள்ளைங்க அவளைத் துரத்தித் துரத்திக் கேட்டுதுங்க, உங்கப்பன் எந்த வண்டியில வருவான், உங்கப்பன் எந்த வண்டியில வருவான்னு. மழை பேஞ்சா ஸ்கூலுக்குப் போகமாட்டேன்னு அழுவா. அதுக்காகத்தான் இங்க குடி வந்தோம். புது ஸ்கூல்ல மொத நாளு டீச்சர் அப்பா என்ன பண்றாருன்னு கேட்டிருக்காங்க. இவ எந்திரிச்சு நின்னு, செத்துட்டாருங்க டீச்சர்னு சொல்லிட்டு வந்துட்டா. சாயங்காலம் லைன் வீட்டுப் பொம்பளைங்க அத்தனை பேரும் துக்கம் கேக்க வந்து நின்னாங்க. நான் தலையில பூ வச்சுக்கிட்டு வாசல்ல நிக்கறேன்."

"இல்லைன்னு சொல்லியிருக்க வேண்டியதுதானே?"

"புள்ள என் பின்னாடி நின்னு என் சீலையைப் புடிச்சுக்கிட்டிருந்தா. நான் என்னத்தைச் சொல்ல?" சொம்பை என்கிட்ட நீட்டினா. "பூவை எடுத்துட்டேன். நெத்தியை அழிச்சுட்டேன். அழிச்சது அழிச்சதுதான். கழுவிட்டு வாங்க, இலை போடோணும்."

நான் அந்த இடத்துலயே கிளம்பியிருக்கணும். ஆனா காலையிலிருந்து சாப்பிடலை. வடை சுடற வாசனை வேற.

கூடத்துல குப்புராசு பக்கத்துல உட்கார வச்சாங்க. லைன் வீட்டு ஆளுங்க நாலஞ்சு பேர். குப்புராசு சும்மா இல்லாம ஆரம்பிச்சார்.

"நீங்க அன்னைக்கு அங்கதான் இருந்தீங்களா?"

"என்னைக்கு?"

"அட, அர்த்தநாரி போன அன்னைக்கு. கயிறு அறுந்து மேலேயிருந்து பைப் வந்துச்சாமே. கீழே ஒரு வடக்கத்திப் பையன் நின்னானாம். இவர் பாஞ்சு போய் அவனைத் தள்ளிவிட்டுட்டு, தான் வாங்கிக்கிட்டாராமே. பொண்ணு சொல்லக் கேக்கோணும் நீங்க. எங்க பட்டறையில கல்லாட்டம் இருக்கற ஆளெல்லாம் கண்ணைத் தொடைச்சுக்கிட்டாங்க."

வாசல்படி ஓரமா கோகிலா நின்னுக்கிட்டிருந்தா. என்னையே பார்த்தா.

அந்தக் கதை எனக்குத் தெரியுங்க. நான்தான் அவளுக்குச் சொன்னேன். அவ சின்னதா இருக்கறப்ப, மடியில உட்கார வச்சு. ஒடிசாவுல ஒரு எடத்துல பைப் விழுந்தது நிஜம். பையன் கீழே நின்னது நிஜம். நான் அவனைத் தள்ளிவிட்டுக் காப்பாத்தினேன்னு புள்ளைகிட்ட ஒரு பேச்சுக்குச் சொன்னேன். குழந்தைகிட்ட அப்படித்தானே சொல்லுவாங்க? நிஜத்துல நான் தப்பிச்சு அந்தப் பக்கம் குதிச்சுட்டேன். யாரா இருந்தாலும் குதிக்கத்தான் செய்வாங்க. பையனுக்குக் கால் போச்சு, உசிருக்கு ஒண்ணும் இல்லை. எனக்கு அன்னைக்குச் சமயம் சரியா அமைஞ்சிருந்தா நானும் தள்ளிவிட்டிருப்பேன்.

அவ அந்தக் கதையை அப்படியே வச்சுக்கிட்டு, கடைசியில ஒரே ஒரு சாவு மட்டும் சேர்த்திருக்கா.

"ஆமாங்க, அங்கதான் இருந்தேன்"னு சொன்னேன். வேற என்னத்தைச் சொல்ல? "நல்ல மனுஷன்"னு வேற சொன்னேன். தலையைக் குனிஞ்சுக்கிட்டேன். கூட்டாளி நினைப்புல அழறான்னு குப்புராசு முதுகைத் தட்டிக் குடுத்தார்.

படையல் போட்டாங்க. சோறு, பூசணிக்காய்க் குழம்பு, வாழைக்காய்ப் பொரியல், வடை, பாயாசம். இலை ஓரத்துல ஒரு பீடிக்கட்டு, தீப்பெட்டி. அது சரி. அப்புறம் ஒரு கை தேன்மிட்டாய்.

"எங்கப்பாவுக்குத் தேன்மிட்டாய்னா உசிரு"ன்னு கோகிலா எல்லார்கிட்டயும் சொன்னா. எனக்கு அது பிடிக்கவே பிடிக்காதுங்க. பல்லுல ஒட்டும். ஊருக்கு வர்றப்ப அவளுக்காக வாங்கிட்டு வருவேன், பஸ் ஸ்டாண்டுல அதுதான் சுலபமாக் கிடைக்கும். அவ ஒண்ணு எடுத்து என் வாயில திணிப்பா, நானும் சப்பிக்கிட்டிருப்பேன். அதை வச்சு இவளா முடிவு பண்ணிக்கிட்டா போல. நான் கொண்டு வந்த பேடாப் பெட்டியையும் வாங்கிப் பிரிச்சு, பாதிதான் இருக்குன்னு பார்த்துட்டு, அதையும் இலையில வச்சா.

கற்பூரம் காட்டினாங்க. நானும் கும்பிட்டேன். என்னைத்தாங்க.

அப்புறம் காக்காவுக்கு வைக்கணுமில்லைங்களா. கோகிலா ஒரு துண்டு இலையில சோத்தை எடுத்துக்கிட்டுப் பின்வாசல் குட்டிச்செவுத்துல வச்சா. நாங்க எல்லாரும் பின்னாடி நின்னோம். காக்கா எடுக்காம யாரும் இலையில உட்கார முடியாது.

"கா... கா..."

வரலை. பக்கத்து வீட்டுச் செவுத்துல காக்கா கூட்டமா இறங்கித் திங்குது. இந்தச் செவுத்துப் பக்கம் ஒண்ணுகூட எட்டிப் பார்க்கலை.

"அப்பா... வாங்கப்பா. சோறு வச்சிருக்கேன், வந்து சாப்பிடுங்கப்பா."

நான் அவளுக்கு ரெண்டடி பின்னால நிக்கறேன். அஞ்சு வருஷம் கழிச்சு என் புள்ள என்னை அப்பான்னு கூப்பிடுது. செவுத்தைப் பார்த்து.

"போன வருஷமெல்லாம் வச்ச கை எடுக்கறதுக்குள்ள வந்துச்சே"ன்னா ஒரு பொம்பளை. "என்ன மனக்குறையோ மகராசனுக்கு"ன்னா இன்னொருத்தி. சாந்தாமணி கதவோரமா நின்னவ உள்ளே போயிட்டா. கோகிலா கூப்பிட்டுக்கிட்டே இருந்தா. வர வரக் குரல் உடைஞ்சது. அப்பான்னு பாதியிலேயே நின்னுபோச்சு. எல்லாரும் பார்க்கறாங்கல்ல, அவ கன்னமெல்லாம் செவந்து போச்சு. ஏதோ பொய் வெளுத்துட்ட மாதிரி. காக்காவே வந்து சாட்சி சொல்ல மாட்டேன்னு சொல்லிட்ட மாதிரி.

குப்புராசுதான் கெடுத்தார். என் தோளைப் பிடிச்சு முன்னே தள்ளினார். "நீங்க ஒரு குரல் குடுங்க. கூட இருந்த ஆளு. உங்க குரல் கேட்டா வந்தாலும் வருவார்."

நான் மாட்டேன்னேன். விடலை. பொம்பளைங்களும் சேர்ந்துக்கிட்டாங்க. கோகிலா திரும்பி என்னைப் பார்த்தா. கூப்பிடுன்னும் சொல்லலை, கூப்பிடாதேன்னும் சொல்லலை. கண்ணுல தண்ணி நின்னது. விழலை.

செவுத்துகிட்டப் போய் நின்னு, வானத்தைப் பார்த்து, "அர்த்தநாரி... வாப்பா"ன்னு கூப்பிட்டேன்.

முதல் தடவை எனக்கே கேக்கலை. ரெண்டாவது தடவை கொஞ்சம் பெருசா. "அர்த்தநாரி, புள்ள சோறு வச்சிருக்கு. வந்து எடுத்துக்கப்பா."

எங்கேயிருந்து வந்ததோ, ஒரே ஒரு காக்கா. செவுத்துல உட்கார்ந்து, என்னை ஒரு பக்கமாச் சாய்ஞ்சு பார்த்துட்டு, ஒரு வாய் கொத்திட்டுப் போச்சு.

பொம்பளைங்களெல்லாம் அப்பாடான்னாங்க. குப்புராசு கையெடுத்துக் கும்பிட்டார். கோகிலா மட்டும் மெதுவா, எனக்கு மட்டும் கேக்கற மாதிரி, "போதுங்க மாமா"ன்னா.

அப்புறம் சாப்பிட்டேன். சாப்பிட்டேங்க, பொய் சொல்லலை. படையல் இலையிலிருந்து எடுத்துத்தான் எனக்கும் பரிமாறினாங்க. குழம்புல உப்புக் கொஞ்சம் கம்மி. தேன்மிட்டாயை மட்டும் இலை ஓரமா ஒதுக்கி வச்சுட்டேன். பரிமாறிக்கிட்டே வந்த கோகிலா அதைப் பார்த்துக்கிட்டு ரொம்ப நேரம் நின்னா.

கிளம்பினப்ப லைன் வீட்டு முனை வரைக்கும் வந்தா. ஏதோ சொல்லப் போறான்னு நானும் நின்னேன். இப்பவாவது அப்பான்னு கூப்பிடுவாளோன்னு. என் அறுந்த செருப்பையே பார்த்துக்கிட்டு நின்னா.

"மாமா, இனிமே வராதீங்க. நீங்க இருந்தா காக்கா வரமாட்டேங்குது."

திரும்பி ஓடிட்டா.

என்னங்க புள்ள வளர்ப்பு இது? எனக்கு வந்த ஆத்திரத்துல ஈரோடு வந்து அன்னைக்கே ரயில் ஏறிட்டேன். பல வருஷம் அந்தப் பக்கமே திரும்பலை. அப்புறம் அங்க அந்தப் பசங்க பெருசாகி, அவங்கவங்க வேலையைப் பார்த்துக்கிட்டுப் போனதும் எனக்கு அங்க என்ன வேலை? நீங்களே கிளம்புங்கன்னு சொல்றதுக்கு முந்தி நானே கிளம்பிட்டேன். ஏறக்குறைய முந்தி.

ஆங், வண்டி நகருது. பாருங்க, பாலம் தாண்டிட்டோம்.

அவளுக்குக் கல்யாணம் ஆயிடுச்சு. யாரோ சொல்லித்தான் தெரியும். திருச்செங்கோட்டுலயே தண்ணி டேங்க் ஸ்டாப்புல சொந்த வீடு. மாப்பிள்ளைக்கு ஏதோ பேங்க்குல வேலை. சாந்தாமணியும் அங்கதான். நான் வாசப்படி மிதிக்கலைங்க. வராதேன்னு சொன்ன இடத்துக்குப் போகமாட்டேன், எனக்கும் மானம் இருக்கு. எதிர்ல ஒரு சைக்கிள் கடை, ஞாயித்துக்கிழமையும் அமாவாசையும் பூட்டியிருக்கும். அந்தத் தகரத்தடியில நின்னுக்குவேன். ஆடி அமாவாசைக்கு மட்டும். அவ சோறு வைக்கறதைப் பார்ப்பேன். காக்கா வரத் தாமதமானா, தெருவுல யாருமில்லைன்னு பார்த்துட்டு, மெதுவா நானே என் பேரைச் சொல்லிக் கூப்பிடுவேன். அது கொத்தினதும் கிளம்பிடுவேன். பஸ் ஸ்டாண்டு ஓட்டல்ல சாப்பாடு.

ஒரு விஷயந்தாங்க எனக்கு விளங்கலை. அவ வீட்டுக்கு மொட்டை மாடி இருக்கு. தெருவுல அத்தனை பேரும் மாடியிலதான் காக்காவுக்கு வைக்கிறாங்க. இவ மட்டும் கீழே, தெருப்பக்கத்து மதில்ல வைக்கிறா. முதல் ரெண்டு வருஷம் ஒரு கைப்பிடி உருண்டை. அப்புறம் என்னன்னா, முழு இலை. சோறு, குழம்பு, பொரியல், ரெண்டு வடை, கிண்ணத்துல பாயாசம். காக்கா எவ்வளவுங்க திங்கும்? பக்கத்துல ஒரு சொம்பு தண்ணி, அதுக்கு மேல தட்டு போட்டு மூடி. மூடி வச்சா காக்கா எப்படிங்க குடிக்கும்? படிச்ச பொண்ணு. பீடிக்கட்டு உண்டு. தேன்மிட்டாய் மட்டும் கிடையாது. ஒரு வருஷம்கூட வைக்கலை.

வச்சுட்டுக் காக்காவைக் கூப்பிடுவா. இந்தப் பக்கம் தலையைத் திருப்ப மாட்டா. உள்ளே போய்க் கதவைச் சாத்திக்குவா. ரொம்ப நேரம் திறக்கவே மாட்டா. இலை அங்கேயே கிடக்கும். நான் இங்கேயே நிப்பேன்.

என்ன தம்பி, வடையைக் கீழே வச்சுட்டீங்க? ஏதோ சொல்ல வர்றீங்க.

வேண்டாங்க.

நீங்க என்ன சொல்லப் போறீங்கன்னு எனக்குத் தெரியும். சொல்லிடாதீங்க. இன்னொருத்தர் வாயால அதைக் கேட்டுட்டேன்னா, அப்புறம் எந்த மூஞ்சியை வச்சுக்கிட்டு நான் அந்த மதிலுக்கு எதிர்ல போய் நிக்கறது?

தண்ணி டேங்க் வந்தா சொல்லுங்க, எனக்கு இந்தக் கண்ணு சரியாத் தெரியலை இன்னைக்கு.